பெரியவங்க அளவுக்கு ஆன்டிபாடி வந்தும் காய்ச்சல் நிக்கல: மாலி நாட்டு ஏஎம்ஏ1 மலேரியா தடுப்பூசி ட்ரையல், ஒரு நிகழ்வு ஆய்வு

எந்த கேஸ், எதுக்கு

மேற்கு ஆப்பிரிக்காவுல மாலி நாடு, அதுல பாண்டியாகரான்னு ஒரு சின்ன டவுன். 2007ல அங்க 1 வயசுல இருந்து 6 வயசு வரைக்கும் உள்ள 400 குழந்தைங்கள சேத்து ஒரு மலேரியா தடுப்பூசி ட்ரையல் நடந்துச்சு. மலேரியா ஒட்டுண்ணி மேல இருக்குற ஏஎம்ஏ1ங்குற ப்ரோட்டீன வச்சு செஞ்ச ஊசி அது. ரிசல்ட் 2011ல வெளியாச்சு, மொத்தமா பாத்தா ஊசி வேலை செஞ்சுதுன்னு சொல்ல முடியாது. அதோட ஃபைலை மூடியிருக்கலாம். ஆனா அந்த டீம் முன்னாடியே செஞ்சு வச்சிருந்த ரெண்டு மூணு வேலையால ஏன் வேலை செய்யலன்னு ப்ரோட்டீனோட ஒவ்வொரு கண்ணியான அமினோ அமிலம் வரைக்கும் இறங்கி பாக்க முடிஞ்சுது, அதனாலதான் ஜெயிச்ச ட்ரையலை எல்லாம் விட்டுட்டு இதை எடுத்து எழுதுறேன். குழந்தைங்க, அம்மா அப்பா யாரோட அடையாளமும் இதுல கிடையாது, வெளியான ஆய்வுகள்ல இருக்குறத மட்டும்தான் வரிசையா சொல்றேன்.

முதல்லயே ஒன்னு சொல்லிடுறேன், இப்போ புழக்கத்துல இருக்குற ஆர்டிஎஸ்-எஸ், ஆர்21 ரெண்டும் வேற வகை. கொசு கடிச்சதும் ஒட்டுண்ணி கல்லீரலுக்கு ஓடுற அந்த கொஞ்ச நேரத்துல அதை மடக்குறதுக்கான ஊசிங்க அது. இங்க பேசுறது ரத்த ஸ்டேஜ் ஊசி, அதாவது ஒட்டுண்ணி சிவப்பணுவுக்குள்ள பூந்து பெருகுற கட்டத்துல அதை தடுக்குறது. காய்ச்சல், நடுக்கம், ரத்தசோகை எல்லாமே அந்த ஸ்டேஜ்லதான் வருது.

பின்னணி: ஊரும் சீசனும்

பாண்டியாகரா டோகோன் மக்கள் வாழுற பகுதி, ட்ரையல் நடந்தப்போ ஜனத்தொகை பதிமூணாயிரம் சொச்சம். மலேரியா அங்க வருஷம் முழுக்க ஒரே மாதிரி இருக்காது. மார்ச் மாச வறட்சியில ஒரு ஆளுக்கு மாசத்துக்கு ஒரு தொற்றுக் கொசுக்கடி கூட கிடையாது, ஆகஸ்ட் செப்டம்பர்ல அதே ஆளுக்கு மாசத்துக்கு 20ல இருந்து 60 வரைக்கும் போகுது. பத்து வயசுக்குள்ள உள்ள குழந்தைக்கு ஒரு சீசன்ல சராசரியா ரெண்டு தடவை மலேரியா காய்ச்சல். ஆறு வயசுக்குள்ள 50 குழந்தைல ஒன்னுக்கு வருஷா வருஷம் கடுமையான மலேரியா, அதாவது ஃபிட்ஸ், கோமா, ரத்தம் ஒரேயடியா குறையுறது மாதிரி.

பெரியவங்களுக்கு அப்படி இல்ல. அவங்களுக்கும் கொசு கடிக்குது, ரத்தத்த எடுத்து ஸ்லைடுல பாத்தா ஒட்டுண்ணியும் இருக்கும், ஆனா ஆள் வயல்ல வேலை பாத்துட்டு இருப்பாரு. அம்மை ஒருதடவை வந்தா அப்புறம் வராதுன்னு நமக்கெல்லாம் பழக்கம், மலேரியா அப்படிப்பட்ட எதிர்ப்பை குடுக்காது. வருஷக்கணக்கா அடி வாங்கி அடி வாங்கித்தான் சேருது, சேந்தாலும் தொற்றை முழுசா தடுக்காது, நோயா மாறாம அடக்கி வைக்கும், அவ்வளவுதான்.

இந்த எதிர்ப்புல ஆன்டிபாடிக்கு பங்கு இருக்குன்னு காட்டுன சோதனை ரொம்ப பழசு. 1961ல காம்பியாவுல பெரியவங்க ரத்தத்துல இருந்து காமா குளோபுலின (ஆன்டிபாடி இருக்குற ப்ரோட்டீன் பகுதி) பிரிச்சு எடுத்து மலேரியா வந்த குழந்தைங்களுக்கு ஊசியா போட்டாங்க, சில நாள்ல ஒட்டுண்ணி எண்ணிக்கை சர்ர்னு இறங்குச்சு. பிரிட்டன் ஆளுங்க ரத்தத்துல இருந்து எடுத்ததுக்கு அந்த பலன் இல்ல. ரெண்டு வருஷம் கழிச்சு அதே காம்பியா சரக்க கிழக்கு ஆப்பிரிக்க குழந்தைங்களுக்கு குடுத்து பாத்தாங்க, அங்கயும் கேட்டுச்சு. அப்புறம் 1991ல ஐவரி கோஸ்ட் பெரியவங்களோட ஐஜிஜிய (ரத்தத்துல அதிகமா இருக்குற ஆன்டிபாடி வகை) தாய்லாந்து நோயாளிங்க 8 பேருக்கு ஏத்துனப்போ அங்கயும் ஒட்டுண்ணி குறைஞ்சுது.

இந்த கடைசி ரெண்டு சோதனைய மனசுல வச்சுக்கங்க, ஏன்னா எல்லாரும் 1961ஐ மட்டும் மேற்கோள் காட்டிட்டு போயிடுவாங்க. ஆப்பிரிக்க பெரியவங்க பல பேரோட ரத்தத்த கலந்து எடுத்த ஆன்டிபாடி ஆசியாவுல உள்ள ஒட்டுண்ணியையும் பிடிக்குதுன்னா அந்த கலவைக்குள்ள எத்தனை வகை ஆன்டிபாடி இருக்கணும்? அளவு ஒரு பக்கம், அகலம் இன்னொரு பக்கம். பாண்டியாகரா ட்ரையல் முழுக்க இந்த ரெண்டாவது விஷயத்துலதான் போய் மாட்டுச்சு.

ஏஎம்ஏ1 ஏன் எடுத்தாங்க

ரத்த ஸ்டேஜ்ல ஒரு சிவப்பணு வெடிச்சு மெரோசோயிட்னு குட்டி குட்டியா ஒட்டுண்ணிங்க வெளிய வரும், ஒவ்வொன்னும் அடுத்த சிவப்பணுவுக்குள்ள பூந்தாகணும். அது ரத்தத்துல வெட்டவெளியா நிக்குற நேரம் ரொம்ப கம்மி, ஒரு நிமிஷம் ரெண்டு நிமிஷக் கணக்குதான். முதல்ல சிவப்பணு மேல ஒட்டும், அப்புறம் அப்படியே புரண்டு தன்னோட கூரான முனைய அணுப்பக்கம் திருப்பிக்கும். அப்போ ஆர்ஓஎன்2 ன்னு ஒரு ப்ரோட்டீன ஒட்டுண்ணியே சிவப்பணுவோட தோலுக்குள்ள சொருகி விட்டுட்டு, தன் மேல இருக்குற ஏஎம்ஏ1ஆல அதை கெட்டியா பிடிச்சுக்கிட்டு உள்ள நுழையும். பிடிச்சுக்கிற வளையத்தையும் தானே கொண்டுவந்து மாட்டிக்குது, கில்லாடிதான்.

அந்த பிடிய மறைக்குற மாதிரி ஆன்டிபாடி வந்தா நுழைய முடியாது, லேப்ல இது அழகா தெரியுது. மலேரியா ஊர்கள்ல பெரியவங்ககிட்ட ஏஎம்ஏ1க்கு எதிரான ஆன்டிபாடி எக்கச்சக்கமா இருக்கு. குரங்கு, எலி சோதனைகளும் நம்பிக்கை குடுத்துச்சு. அதனால ரத்த ஸ்டேஜ் ஊசிக்கு இது முன்வரிசை ஆள்.

ஊசிய செஞ்சது அமெரிக்க ராணுவத்தோட வால்டர் ரீட் ஆராய்ச்சி நிலையம். 3டி7ன்னு லேப்ல வளக்குற ஒரு ஒட்டுண்ணி ரகத்தோட ஏஎம்ஏ1 துண்டை ஈ.கோலை பாக்டீரியால உண்டாக்கி எஃப்எம்பி2.1ன்னு பேர் வச்சாங்க, அதோட ஜிஎஸ்கே கம்பெனியோட ஏஎஸ்02ஏங்குற அட்ஜுவன்ட் (உடம்போட எதிர்ப்பை கூட்டுற சேர்க்கைப் பொருள்) சேந்துச்சு. இந்த 3டி7 ஓட பூர்வீகம் வேடிக்கையானது, ஹாலந்துல ஸ்கிபோல் ஏர்போர்ட் பக்கம் குடியிருந்த ஒரு நோயாளிகிட்ட எடுத்த ஒட்டுண்ணியில இருந்து பிரிச்சது, விமானத்துல வந்த கொசு கடிச்சிருக்கும்னுதான் கணக்கு. உலகம் முழுக்க லேப்ல வளக்குறது இதைத்தான், ஜீனோம் முதல்ல படிச்சதும் இதைத்தான், அதனால ஊசிக்கும் இதையே எடுத்துக்கிட்டாங்க. பாண்டியாகரா குழந்தைங்களுக்கு காய்ச்சல் குடுக்குற ஒட்டுண்ணியில எத்தனை பங்கு இந்த ரகம்னு பாத்து தேர்ந்தெடுத்தது இல்ல.

ட்ரையலுக்கு முன்னாடி எடுத்த முடிவுகள்

ஃபீல்டு வேலை பமாக்கோ பல்கலைக்கழகத்தோட மலேரியா ஆராய்ச்சி பயிற்சி மையம் (ஓகோபாரா டூம்போ தலைமையில வளந்த டீம்), கூட மேரிலாந்து பல்கலைக்கழகத்துல இருந்து கிறிஸ்டோஃபர் ப்ளோவ் குழு.

முதல் முடிவு அனுமதி எப்படி வாங்குறதுன்னு. ஊர்ப் பெரியவங்க, தலைவருங்ககிட்ட உக்காந்து பேசி சம்மதம் வாங்கி, அதுக்கு அப்புறம்தான் வீடு வீடா பெத்தவங்க சம்மதம். தடுப்பூசி ஆராய்ச்சின்னா மாலியில அந்த வரிசைதான், மாத்தி செஞ்சா அடுத்த வருஷம் ஊருக்குள்ள போக முடியாது.

ரெண்டாவது, கன்ட்ரோல் குரூப்புக்கு என்ன போடுறதுங்குறது. வெறும் உப்புத்தண்ணி போடாம ரேபிஸ் தடுப்பூசி போட முடிவு பண்ணாங்க, மலேரியா ஊசி கிடைக்காத குழந்தைக்கும் ஏதோ ஒரு பிரயோஜனம் இருக்கணும்ல.

மூணாவதுதான் இந்த கேஸோட உயிர். அதே ஊர்ல அதுக்கு முந்தின வருஷங்கள்ல பண்ண ஃபாலோ-அப்ல காய்ச்சல் வந்தவங்க ரத்தத்த ஃபில்டர் பேப்பர்ல ஒரு சொட்டு வச்சு காய வச்சு பத்திரப்படுத்தி இருந்தாங்க. விரல் நுனியில குத்தும்போது ஸ்லைடுக்கு ஒரு சொட்டு, பேப்பருக்கு ஒரு சொட்டு. ஸ்லைடு அன்னிக்கே மைக்ராஸ்கோப்புக்கு போயிடும், பேப்பர் காஞ்சு கவர்ல போய் தூங்கும். பாக்க ஒன்னுமே இல்லாத பழுப்புக் கறைதான், ஆனா ஒட்டுண்ணியோட டிஎன்ஏ அதுக்குள்ள பல வருஷம் கெடாம கிடக்கும். அந்த பேப்பருங்கள எடுத்து 100 பேருக்கு வந்த 506 தொற்றுல ஏஎம்ஏ1 ஜீன படிச்சாங்க, 2009ல ரிசல்ட் வந்துச்சு: 214 வெவ்வேற ரகம். ஒரே ஒரு டவுன்ல.

அந்த ஆய்வுல இன்னொன்னும் தெரிஞ்சுது, எனக்கு 214ஐ விட அதுதான் முக்கியம். ஒரே ஆளுக்கு அடுத்தடுத்து வர்ற தொற்றுல, ஏஎம்ஏ1ல கிளஸ்டர் 1 லூப்னு சொல்ற ஒரு சின்ன பகுதியில போன தடவைக்கும் இந்த தடவைக்கும் மாற்றம் இருந்தா காய்ச்சலா வர்ற வாய்ப்பு கூடுது. அதே முகம் திரும்ப வந்தா உடம்பு அடக்கிடுது. அப்போ 214 ரகமும் உடம்புக்கு 214 எதிரி கிடையாது, சில இடத்துல வர்ற மாற்றம்தான் கணக்கு. இயற்கையா வர்ற ஆன்டிபாடி எதை கவனிக்குது, எதை கண்டுக்காம விடுதுன்னு ஊர்ல இருந்தே கிடைச்ச துப்பு இது.

இதுல முன்னெச்சரிக்கையும் இருந்துச்சு. பாப்புவா நியூ கினியாவுல காம்பினேஷன் பி ன்னு ஒரு ஊசி, 2002ல ரிசல்ட் வந்தப்போ, ஊசியில இருந்த எம்எஸ்பி2 (ஒட்டுண்ணி மேல இருக்குற இன்னொரு ப்ரோட்டீன்) ரகம் உள்ள ஒட்டுண்ணி குறைஞ்சு வேற ரகம் ஊசி போட்ட குழந்தைங்ககிட்ட கூடுதலா தெரிஞ்சுது. அதாவது ஊசி வேலை செஞ்சுச்சு, ஒட்டுண்ணி வேற கதவுல வந்துச்சு. இருந்தும் ஒரே ரகம் வச்ச ஊசியோடதான் பாண்டியாகரா ட்ரையலும் போச்சு, கையில பக்குவமா தயாரா இருந்தது அது ஒன்னுதான்.

முதல் கட்டம்: பாத்தது

முதல்ல பெரியவங்க 60 பேர். பாதுகாப்புல பெரிய பிரச்சனை இல்ல. அவங்களுக்கு ஏற்கனவே ஏஎம்ஏ1 ஆன்டிபாடி நிறைய இருந்துச்சு, ஊசி அதுக்கு மேலயும் ஏத்துச்சு. அடுத்து 1 முதல் 6 வயசு வரைக்கும் 100 குழந்தைங்க, 10, 25, 50 மைக்ரோகிராம்னு சின்ன டோஸ்ல தொடங்கி படிப்படியா மேல போனாங்க. ஊசி போட்ட இடத்துல வீக்கம், வலி, ரெண்டொரு நாள் காய்ச்சல் இருந்துச்சு. ஆன்டிபாடி எகிறிடுச்சு, வாழ்நாள் முழுக்க கடி வாங்கின அந்த ஊர் பெரியவங்க அளவுக்கு, சிலருக்கு அதையும் தாண்டி. 2010ல இது வெளியானப்போ எல்லாருக்கும் நம்பிக்கை வந்ததுல தப்பே இல்ல, பெரியவங்களுக்கு பாதுகாப்பு இருக்கு, பெரியவங்க அளவு ஆன்டிபாடிய குழந்தைக்கு வர வச்சாச்சு, அப்போ பாதுகாப்பும் வந்துடும்னுதானே யாரும் நினைப்பாங்க.

இங்க நின்னு அந்த ஆன்டிபாடிய எப்படி அளந்தாங்கன்னு பாக்கணும். எலைசா டெஸ்ட். ஒரு ப்ளாஸ்டிக் தட்டு, 96 குழி, ஒவ்வொரு குழியோட அடியிலயும் ஏஎம்ஏ1 ப்ரோட்டீன பூசி வச்சு, அது மேல குழந்தையோட சீரத்த (ரத்தம் உறைஞ்சதும் பிரியுற தெளிஞ்ச நீர்) ஊத்தி, கழுவி, ஒட்டியிருக்குற ஆன்டிபாடிய நிறம் வர வச்சு அளக்குறது. அடியில பூசின ப்ரோட்டீன் எது? ஊசியில இருந்த அதே 3டி7 துண்டு. பெரியவர் சீரத்துல 3டி7ஐ பிடிக்குறது, பக்கத்து வீட்டுல சுத்துற பத்து ரகத்த பிடிக்குறதுன்னு எல்லாம் கலந்து கிடக்கு, தட்டு அதுல 3டி7ல ஒட்டுறத மட்டும் எண்ணி ஒரு நம்பர் குடுக்குது. ஊசி போட்ட குழந்தைக்கும் அதே நம்பர் வருது. நம்பர் ஒன்னுதான், ஆனா அந்த குழந்தை வேற ரகத்த எவ்வளவு பிடிக்கும்னு தட்டுகிட்ட யாரும் கேக்கல, அதுவும் சொல்லல.

2007 சீசன்

ரெண்டாம் கட்டத்துக்கு 400 குழந்தைங்கள குலுக்கல் முறையில பாதிப் பாதியா பிரிச்சாங்க. யாருக்கு எந்த ஊசின்னு பெத்தவங்களுக்கும் தெரியாது, காய்ச்சல் பாக்குற டாக்டருக்கும் தெரியாது. குலுக்கல் எதுக்குன்னா, டோகோன் மக்கள்ல ஹீமோகுளோபின் சி ன்னு ஒரு பரம்பரை மாற்றம் பரவலா இருக்கு, அது கடுமையான மலேரியாவுல இருந்து காப்பாத்துதுன்னு அதே ஊர்லயே முன்னாடி பாத்திருக்காங்க, அது மாதிரி சமாச்சாரம் எல்லாம் ரெண்டு பக்கமும் சமமா விழணும்ல. மாசம் ஒன்னா மூணு டோஸ், கொசு உச்சத்துக்கு வர்றதுக்குள்ள முடியுற மாதிரி.

அப்புறம் காத்திருக்குறதுதான் வேலை. க்ளினிக் ராத்திரி பகல்னு திறந்தே இருக்கும், காய்ச்சல்னா எப்ப வேணா தூக்கிட்டு வரலாம், செலவு இல்லாம வைத்தியம். வராதவங்கள டீமே மாசா மாசம் பாத்துச்சு. எதை மலேரியான்னு கணக்குல எடுக்குறதுங்குறதுக்கும் முன்னாடியே கோடு போட்டாச்சு, 37.5 டிகிரியும் அதுக்கு மேலயும் காய்ச்சல், கூடவே ஒரு கன மில்லிமீட்டர் ரத்தத்துல 2500 ஒட்டுண்ணி, இல்ல அதுக்கு மேல. இந்த 2500 எதுக்குன்னு கேக்கலாம். இந்த மாதிரி ஊர்ல எந்த குழந்தை ரத்தத்த பாத்தாலும் நாலு ஒட்டுண்ணி இருக்கும், சளிக்காய்ச்சல்ல வந்த குழந்தைய மலேரியான்னு எழுதிட்டா ஊசியோட பலன் மங்கிப் போயிடும். ஒவ்வொரு காய்ச்சலுக்கும் ஸ்லைடு ஒன்னு, ஃபில்டர் பேப்பர் ஒன்னு, பழைய பழக்கம் மாறல.

முதல் ரிசல்ட்

கடைசி டோஸுக்கு அப்புறம் ஆறு மாசம் வரைக்கும் பாத்ததுல, மலேரியா ஊசி போட்டவங்கள்ல 48.4 சதவீதம் பேருக்கு காய்ச்சல் வந்துச்சு, ரேபிஸ் ஊசி போட்டவங்கள்ல 54.4 சதவீதம். காய்ச்சல் எப்போ வந்துச்சுங்குறதையும் சேத்து கணக்கு போட்டா பலன் 17.4 சதவீதம், அதுவும் புள்ளியியல்படி தற்செயலா வந்திருக்கலாம்னு ஒதுக்கி வைக்கிற அளவுதான். ஆன்டிபாடி மட்டும் வழக்கம் போல வானத்துல.

இத்தனை ஆன்டிபாடி இருந்தும் பிள்ளைக்கு காய்ச்சல் வருதுன்னா ரெண்டு விளக்கம் இருக்கலாம். ஒன்னு, ஏஎம்ஏ1 ஆன்டிபாடிக்கு நிஜ உடம்புல மலேரியாவ தடுக்குற சக்தியே இல்ல, பெரியவங்ககிட்ட அது இருக்குறது பல தடவை தொற்று வந்ததுக்கான அடையாளம் மட்டும்தான். இல்லன்னா சக்தி இருக்கு, ஆனா ஒரு ரகத்துக்கு மட்டும். வெளிய இருந்து பாத்தா ரெண்டும் ஒரே மாதிரிதான் தெரியும், காய்ச்சல் எண்ணிக்கைய மட்டும் வச்சு பிரிக்க முடியாது. அதுக்கு முன்னாடி கென்யாவுல எம்எஸ்பி1ங்குற வேற ப்ரோட்டீன் வச்ச ஊசி ஒன்னு இதே மாதிரி குழந்தைங்ககிட்ட பலன் இல்லாம போச்சு, மாலியிலயே வேற ஒரு ஏஎம்ஏ1 ஊசியும் வேற அட்ஜுவன்ட்டோட போட்டு பலன் இல்லாம போச்சு. ரத்த ஸ்டேஜ் ஊசியே தேறாதுன்னு பேசுறதுக்கு சரியான நேரம் அது.

ஃபில்டர் பேப்பர் சொன்னது

டீம் பேப்பர் சொட்டுங்கள எடுத்து, காய்ச்சல் குடுத்த ஒட்டுண்ணி ஒவ்வொன்னோட ஏஎம்ஏ1ஐயும் படிச்சு, கிளஸ்டர் 1 லூப்ல உள்ள எட்டு அமினோ அமில இடத்த ஊசியோட ஒப்பிட்டாங்க. எந்த எட்டு இடம்னு ரிசல்ட்ட பாத்துட்டு பொறுக்கல, இந்த லூப்தான் முக்கியம்னு ஊர் ஆய்வுல இருந்தும் லேப் வேலையில இருந்தும் முன்னாடியே தெரியும். அதனாலதான் இந்த அனாலிசிஸ நான் நம்புறேன், வந்த டேட்டாவ தேவைக்கு ஏத்த மாதிரி வெட்டிப் பாத்தது இல்ல.

அந்த எட்டு இடமும் 3டி7 மாதிரியே இருந்த ஒட்டுண்ணி குடுத்த காய்ச்சல மட்டும் தனியா எடுத்தா, ஊசியோட பலன் 64.3 சதவீதம். 17 எங்க, 64 எங்க.

இந்த 64.3ஐ மட்டும் தனியா தூக்கிட்டு வந்து பேசுறவங்கள பாத்தா கொஞ்சம் கடுப்பாத்தான் இருக்கும், ஏன்னா 3டி7 மாதிரி ஒட்டுண்ணி அந்த ஊர்ல சிறுபான்மை, அதனால எண்ணுன கேஸும் கம்மி, நம்பிக்கை இடைவெளி ரொம்ப அகலம், நிஜ பலன் பத்துல ஒரு பங்கு சொச்சமாவும் இருக்கலாம், தொண்ணூறுக்கு மேலயும் இருக்கலாம். ட்ரையலோட பிரதான கேள்விக்கு பதில் 17.4தான், அதை மாத்த முடியாது. ஆனா மேல சொன்ன ரெண்டு விளக்கத்துல முதலாவது அடிபட்டு போச்சு. ஏஎம்ஏ1 ஆன்டிபாடி குழந்தை உடம்புல நிஜமாவே காய்ச்சல தடுக்குது, தெரிஞ்ச முகம் வந்தா மட்டும். திருடனோட ஒரே ஒரு போட்டோவ எல்லா ஸ்டேஷனுக்கும் ஆயிரம் காப்பி அனுப்பின மாதிரி, காப்பி எத்தனை இருந்தாலும் மீசை வச்சவன் தாண்டி போயிடுவான்.

அடுத்து 2013ல வந்த விரிவான அலசல்ல அந்த லூப்புக்குள்ளயும் 197ஆவது இடம் ரொம்ப முக்கியமா தெரிஞ்சுது. லேப்ல ஆன்டிபாடிகிட்ட இருந்து ஒட்டுண்ணி தப்பிக்க மாத்துற இடங்கள்ல அதுவும் ஒன்னு, ரெண்டு பக்கமும் பொருந்தி வருது. ரெண்டு வருஷ ஃபாலோ-அப்ல ஊசி போட்டவங்க ஆன்டிபாடி கன்ட்ரோல விட மேலயே இருந்துச்சு, மொத்த பலன் மட்டும் இன்னும் தேஞ்சு ஒத்தை இலக்கத்துக்கு வந்துடுச்சு.

அப்போ பெரியவங்ககிட்ட என்னதான் இருக்கு

இந்த கேஸ படிச்சா எல்லாருக்கும் வர்ற கேள்வி. மாலியிலயே கம்பிலாங்குற ஊர்ல 220 பேர் சீரத்த, ஒட்டுண்ணியோட 1204 ப்ரோட்டீன் (அதோட மொத்த ப்ரோட்டீன்ல கிட்டத்தட்ட கால்வாசி) அச்சடிச்ச மைக்ரோஅரே சில்லுல ஓட்டி பாத்திருக்காங்க, 2010ல வந்த ஆய்வு. குழந்தைக்கு மழைக்கால ஆறு மாசத்துல ஆன்டிபாடி பல ப்ரோட்டீனுக்கு எதிரா மேல போகுது, வறட்சி ஆறு மாசத்துல திரும்ப கீழ வருது, ஆனா போன வருஷம் தொடங்குன இடத்துக்கே வராம கொஞ்சூண்டு மேல நிக்குது. அடுத்த வருஷம் அதுல இருந்து கொஞ்சூண்டு. இப்படியே ஏறி ஏறித்தான் பெரியவர் ஆகுறாரு, அதனாலதான் இத்தனை வருஷம் ஆகுது.

அதோட பாதுகாப்பு கிடைச்ச பிள்ளைங்ககிட்ட அதிகமா இருந்த ஆன்டிபாடி 49 ப்ரோட்டீனுக்கு எதிரானது. பெரியவரோட பாதுகாப்பு பல ப்ரோட்டீன், ஒவ்வொன்னுலயும் பல ரகம்னு ரெண்டு திசையிலயும் விரிஞ்சது. ஊசி குடுத்தது ஒரு ப்ரோட்டீன், ஒரு ரகம். 3டி7 தட்டுல மட்டும் ரெண்டு பேரும் சமம்.

இதுல எனக்கு ஒரு சின்ன சந்தேகம் எப்பவும் உண்டு. பாதுகாப்போட சேந்து வர்ற ஆன்டிபாடி எல்லாம் பாதுகாப்பு குடுக்குதுன்னு அர்த்தம் இல்ல, அதிகமா கடி வாங்குன பிள்ளைக்கு எல்லா ஆன்டிபாடியும்தான் கூடும். எது வேலை செய்யுது, எது சும்மா கூட வருதுன்னு பிரிக்க இந்த மாதிரி ரேண்டமைஸ் பண்ண ஊசி ட்ரையல்தான் ஒரே சுத்தமான வழி. பலன் குடுக்காத ட்ரையலா இருந்தாலும் பாண்டியாகராவுக்கு அந்த மதிப்பு இருக்கு, ஏஎம்ஏ1 வேலை செய்யுற வகைன்னு காட்டிட்டு போச்சு.

அதுக்கு அப்புறம்

ஏஎம்ஏ1 பக்கம் பல ரகத்த ஒன்னா கலக்குற முயற்சி, எல்லா ரகத்தோட பொதுவான இடத்தையும் அடக்குற மாதிரி செயற்கையா வடிவமைச்ச மூணு ப்ரோட்டீன் கலவைன்னு ஆரம்ப கட்ட ட்ரையல்கள் வந்துச்சு. பெரிய அளவுல எதுவும் இன்னும் போகல.

ஒட்டுண்ணிய படிக்குற பழக்கம் கல்லீரல் ஸ்டேஜ் ஊசிக்கும் போச்சு. ஆர்டிஎஸ்-எஸ் பெரிய ட்ரையல்ல காய்ச்சல் குடுத்த ஒட்டுண்ணிங்கள சீக்வென்ஸ் பண்ணி 2015ல வெளியிட்டாங்க, 5ல இருந்து 17 மாச குழந்தைங்ககிட்ட ஊசியோட பொருந்துற ஒட்டுண்ணிக்கு எதிரா ஒரு வருஷத்துல 50.3 சதவீதம், பொருந்தாததுக்கு எதிரா 33.4. அந்த ஊசியும் 3டி7 வகைதான். அங்க வித்தியாசம் இருக்கு, ஆனா ஏஎம்ஏ1 அளவுக்கு படுகுழி இல்ல.

ரத்த ஸ்டேஜ்ல இப்போ கவனம் ஆர்ஹெச்5 மேல. சிவப்பணு மேல இருக்குற பேசிஜின்ங்குற ப்ரோட்டீன பிடிக்குற ஒட்டுண்ணி ப்ரோட்டீன் அது, ரகத்துக்கு ரகம் மாற்றம் ரொம்ப கம்மி. இதுல ஒரு விசித்திரம், மலேரியா ஊர்ல பெரியவங்ககிட்ட கூட இதுக்கு எதிரான ஆன்டிபாடி ஏஎம்ஏ1ஓட ஒப்பிட்டா கொஞ்சம்தான். எதை உடம்பு அதிகம் தாக்குதோ அதுதான் மாறி மாறி வேஷம் போடுது, தாக்குதல் கம்மியா உள்ளது மாறாமலே இருக்கு, இது தற்செயல்னு எனக்கு தோணல. அப்போ பெரியவங்க சீரத்துல எது அதிகமா இருக்கோ அதையே ஊசியாக்குறதுங்குற பழைய வழி, நம்மள மாறுற ப்ரோட்டீன் பக்கமே தள்ளிட்டு போயிருக்கு. புர்கினா ஃபாசோ நாட்டுல நானோரோங்குற இடத்துல 5ல இருந்து 17 மாசம் வரைக்கும் உள்ள 361 குழந்தைங்ககிட்ட ஆர்ஹெச்5 ஊசிய போட்டு பாத்ததுல, மூணாவது டோஸ தள்ளிப் போட்ட முறையில ஆறு மாசத்துக்கு 55 சதவீத பலன் வந்திருக்கு. ரத்த ஸ்டேஜ் தேறாதுன்னு சொன்னவங்க கொஞ்சம் அடங்கியிருக்காங்க.

திரும்ப செஞ்சா என்ன மாத்தணும்

என் கணக்குல முதல் மாற்றம் அந்த எலைசா தட்டுலதான். ஊர்ல சுத்துற அஞ்சாறு முக்கிய ரகத்தோட ப்ரோட்டீனையும் குழியில பூசி, ஊசிக்கு முன்னாடி, பின்னாடி, பக்கத்து வீட்டு பெரியவர்னு மூணையும் ஓட்டியிருந்தா, 400 குழந்தைங்களுக்கு போறதுக்கு முன்னாடியே அகலம் பத்தாதுன்னு சந்தேகம் வந்திருக்கும். சந்தேகம் வந்தாலும் ட்ரையலை நிறுத்தணும்னு சொல்ல மாட்டேன், தட்டுல ஒட்டுறதெல்லாம் உடம்புல தடுக்கும்னு இல்லயே. ஆனா எத்தனை குழந்தைங்க வேணும்னு கணக்கு போடுறப்போ மொத்த காய்ச்சலுக்கு பதிலா ஊசி ரகத்தோட காய்ச்சல எண்ணிக்கையா வச்சு போட்டிருப்பாங்க, 64.3ஐ சுத்தி இவ்வளவு பெரிய இடைவெளி வந்திருக்காது.

ரெண்டாவது, ரகத்த தேர்ந்தெடுக்குற வரிசை. ஊசி தயாரிச்ச பிறகு ஊர்ல எந்த ரகம் இருக்குன்னு பாக்குறது தலைகீழ். 506 தொற்றை படிச்ச அந்த வேலை முதல்ல நடந்து, அதை வச்சு ப்ரோட்டீன பொறுக்கியிருக்கணும். அந்த காலத்து சீக்வென்சிங் செலவுக்கும் வேகத்துக்கும் அது சுலபம் இல்லங்குறதும் நியாயம்தான், இப்போ அந்த சாக்கு கிடையாது.

மாத்தக்கூடாதது ஃபில்டர் பேப்பர். ஒரு சொட்டு ரத்தம், ஒரு துண்டு காகிதம், ஒரு கவர். கென்யாவுலயும் மத்த இடத்துலயும் நடந்த ட்ரையல்கள்ல மொத்த எண்ணிக்கையோட நிறுத்தாம பிரதான அனாலிசிஸ்லயே ரகம் வாரியா பாக்குறதுன்னு வச்சிருந்தா அங்கயும் இப்படி ஏதாவது ஒளிஞ்சிருந்துச்சான்னு சீக்கிரமே தெரிஞ்சிருக்கும். ஆர்ஹெச்5 மாறாத ப்ரோட்டீன்னு இப்போ சொல்றோம், இத்தனை நாள் அது மேல பெருசா ஆன்டிபாடி நெருக்கடியே இல்ல. ஊசி மூலமா லட்சக்கணக்குல குழந்தைங்ககிட்ட அந்த நெருக்கடிய நாமளே உண்டாக்கும்போது அது மாறாமலே இருக்குமான்னு பாக்க, ஊசி போட்ட பிள்ளைக்கு வர்ற ஒவ்வொரு காய்ச்சலுக்கும் அந்த ரெண்டாவது சொட்டை எடுத்து வச்சுக்கிட்டே இருக்கணும்.